எந்த வேலைக்குத் திரும்புவது? காயமுற்ற தொழிலாளரும் உதவிக் கருவிகளும்

தாராபுரம் வட்டாரத்து ஊர்களிலிருந்து நாள்தோறும் ஆலை வேன்கள் ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. பஞ்சாலை, அரிசி ஆலை, கோழிப்பண்ணை, காங்கேயத்து எண்ணெய் ஆலை, பல்லடத்து விசைத்தறிக் கூடம், திருப்பூர் பனியன் கம்பெனி என அந்த உழைப்பு போய்ச் சேரும் இடங்கள் பல. ஊரின் ஓரத்திலுள்ள அருந்ததியர் குடியிருப்புகளிலும் அந்த வேன்கள் நிற்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன்பு தோட்டங்களில் பண்ணையாளாக இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு, ஆலை வேலை என்பது கூலியைவிடச் சற்றுக் கூடுதலான ஒன்று. கவுண்டர் வீட்டு வாசலில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்ற நிலையை அது ஓரளவுக்கேனும் தந்தது.

அந்த வேலையில் ஒருவரின் கை இயந்திரத்தில் சிக்கும்போது அவர் இழப்பது விரல்களை மட்டுமன்று. சாதி வகுத்த வேலையிலிருந்து வெளியேற அவர் கண்ட வழியும் அன்றே அடைபடக்கூடும். அது அடைபடுவதும் திறந்திருப்பதும் விபத்துக்குப் பிந்தைய சில முடிவுகளைப் பொறுத்தவை. அவருக்கு எந்தக் கருவி தரப்படுகிறது, யார் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், எந்த வேலையை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பவையே அம்முடிவுகள். தொழிலாளர் நலம் குறித்த விவாதங்களில் இக்கேள்விகள் அரிதாகவே எழுகின்றன. இவற்றைக் கருணையின் மொழியிலிருந்து விலக்கி உரிமையின் மொழிக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே நமது வாதம்.

சதவீதமாகச் சுருங்கும் உடல்

பணியிடத்தில் விபத்து நேர்ந்தவுடன் எழும் முதல் கேள்வி "எவ்வளவு?" என்பதாகவே இருக்கிறது. நிர்வாகமும் மேஸ்திரியும் உறவினரும், வழக்கறிஞர்களாகிய நாமும்கூட, அந்தக் கேள்வியைச் சுற்றியே பேசுகிறோம். சட்டமே நம்மை அவ்வாறு பழக்கியிருக்கிறது.

1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் உடலைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதத்தை நிர்ணயித்தது. ஒரு கையில் இரண்டு விரல்களை இழந்தால் 20, மூன்று விரல்களை இழந்தால் 30, நான்கு விரல்களை இழந்தால் 50, முழுக் கையையும் இழந்தால் 60 என்பது அதன் அட்டவணை. முழு ஊனத்துக்கான தொகையைக் கணக்கிட, மாத ஊதியத்தின் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 30 வயதுள்ளவருக்குரிய காரணி 207.98. 2020 ஜனவரி முதல் கணக்கில் கொள்ளப்படும் ஊதிய உச்சவரம்பு ரூ.15,000. இதன்படி முழு ஊனத்துக்கு ரூ.18,71,820 வரும். கையை இழந்தவருக்கு அதில் 60 விழுக்காடாகிய ரூ.11,23,092, இரண்டு விரல்களை இழந்தவருக்கு 20 விழுக்காடாகிய ரூ.3,74,364. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, இச்சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது. ஆயினும் கணக்கின் அடிப்படை அமைப்பு மாறவில்லை.

வயது, ஊதியம், சதவீதம் ஆகிய மூன்றும் அந்தக் கணக்கில் உண்டு. செயற்கைக் கைக்கோ, அதைப் பழுதுபார்ப்பதற்கோ, ஐந்தாறு ஆண்டுகளில் அது தேய்ந்தபின் புதிதாக வாங்குவதற்கோ அதில் தனி வரி கிடையாது. சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவை ஈடுசெய்ய வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. அது ஏற்கெனவே செலவிட்ட தொகையைப் பற்றியது. இனி வாழ்நாள் முழுதும் தேவைப்படப்போகும் கருவியைப் பற்றியதன்று.

இதைச் சாலை விபத்துச் சட்டத்தோடு ஒப்பிட்டால் முரண் தெளிவாகும். மோட்டார் வாகன விபத்தில் காலை இழந்தவருக்கு "நியாயமான இழப்பீடு" வழங்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. 2022 டிசம்பரில் முகமது சபீர் வழக்கில் உச்ச நீதிமன்றம், செயற்கைக் கால் குறிப்பிட்ட ஆண்டுகளே உழைக்கும், ஒருவர் தம் ஆயுளில் அதைப் பலமுறை மாற்ற வேண்டியிருக்கும், பராமரிப்புக்கும் பணம் வேண்டும் என்பதை ஏற்று இழப்பீட்டை உயர்த்தியது. பேருந்து மோதிக் காலை இழந்தவருக்கு வாழ்நாள் முழுதுக்குமான செயற்கைக் கால்களின் விலை இழப்பீட்டில் சேர்கிறது. ஆலைக்குள் அதே காலை இழந்தவருக்குச் சூத்திரம் தரும் தொகை மட்டுமே. விபத்து எங்கே நிகழ்ந்தது என்பதைப் பொறுத்து மனிதனின் தேவை மாறுவதில்லையே!

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ.க்குள் இருப்போரின் நிலை ஓரளவு மேலானது. தமிழ்நாட்டில் இத்திட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த இடம் கோயம்புத்தூர், ஆண்டு 1955. அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல் அடார்கர் அளித்த அறிக்கையிலிருந்து பிறந்தது இத்திட்டம். நிரந்தர ஊனத்துக்கு மாதந்தோறும் பணப்பயன், செயற்கை உறுப்புகள், தொழில் மறுவாழ்வுப் பயிற்சி ஆகியவை இதில் உண்டு. ஆனால் பயிற்சி முடித்தவரை அந்த நிறுவனம் திரும்ப ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 73ஆவது பிரிவு, தற்காலிக ஊனப் பயன் பெறும் காலத்தில் பணிநீக்கம் செய்வதைத் தடுத்தது. காயம் ஆறி, பயன் நின்றுபோனதும் பாதுகாப்பும் நின்றுபோகிறது. காப்பீட்டில் பெயரே சேர்க்கப்படாத ஒப்பந்தத் தொழிலாளருக்கு இதுவும் இல்லை.

ஒரு தச்சரின் கை கற்பித்தது

அட்டவணையின் சதவீதமே முடிவானது என்பதை நீதிமன்றங்கள் எல்லா வழக்குகளிலும் ஏற்றதில்லை. ஒரிசாவில் ஒரு திரையரங்கில் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்த தச்சர் 1968இல் கீழே விழுந்து இடது கையை இழந்தார். அட்டவணையின்படி அவரது ஊனம் முழுமையானதன்று என்றார் முதலாளி. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்று இன்றும் மேற்கோள் காட்டப்படும் அத்தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது, ஆகவே அவரது வருவாய்த்திறன் இழப்பு 100 விழுக்காடு என்பதை உறுதி செய்தது. 2011இல் அறிக்கையிடப்பட்ட ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில், உடல் ஊனத்தின் சதவீதம் வேறு, தொழில் சார்ந்த இழப்பின் சதவீதம் வேறு என்று அது மேலும் விளக்கியது. இடக்கையை இழந்த ஓட்டுநர் இழப்பதும், இடக்கையை இழந்த எழுத்தர் இழப்பதும் ஒன்றல்ல.

இத்தீர்ப்புகளைத் தொகையை உயர்த்துவதற்காகவே நாம் பயன்படுத்தி வந்திருக்கிறோம். அவற்றுக்குள் இன்னொரு பாடமும் உண்டு. இழப்பை அளக்கத் தொழிலைப் பார்க்க வேண்டும் என்றால், இழப்பை ஈடுசெய்யும் கருவியைத் தேர்வதற்கும் தொழிலைத்தான் பார்க்க வேண்டும். உடலின் எந்தப் பகுதி போயிற்று என்பதை மட்டும் பார்த்துத் தரப்படும் கருவி பெரும்பாலும் வீட்டுப் பரணுக்குத்தான் போகிறது.

கருவி முகாமிலா, பணியிடத்திலா?

இன்று ஏழைத் தொழிலாளருக்கு உதவிக் கருவி கிடைக்கும் முக்கிய வழி முகாம். 1981 முதல் நடைமுறையிலுள்ள ஒன்றிய அரசின் அடிப் திட்டத்தின் கீழ், கான்பூரில் 1972இல் நிறுவப்பட்ட அலிம்கோ தயாரிக்கும் கருவிகள் முகாம்களில் வழங்கப்படுகின்றன. மாநில அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் முதலியவற்றைத் தருகிறது. இத்திட்டங்கள் பல்லாயிரம் பேருக்கு நடமாட்டத்தைத் தந்திருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் முகாமில் அளவெடுக்கப்படுவது உடல்தான். அவர் நின்று உழைக்கும் தரையையும், அவர் இயக்கும் இயந்திரத்தையும், எட்டு மணி நேர ஷிப்டையும் முகாமில் யாரும் பார்ப்பதில்லை.

கையை இழந்தவருக்குத் தரப்படும் செயற்கைக் கைகளையே எடுத்துக்கொள்வோம். பார்வைக்குக் கை போலவே இருக்கும் ஒன்று உண்டு. அது எதையும் பற்றாது. தோளில் கட்டிய வாரும் கம்பியும் இழுக்க, திறந்து மூடும் கொக்கிக் கை இன்னொன்று. அது அழகாக இராது; ஆனால் தூசியிலும் வியர்வையிலும் உழைக்கும், உள்ளூரிலேயே பழுதுபார்க்கவும் முடியும். தசைகளின் நுண்மின் அதிர்வை உணர்ந்து இயங்கும் கை மூன்றாவது. விலை மிகுந்தது, மின்னேற்றம் வேண்டும், பஞ்சுத் தூசி நிறைந்த கூடத்தில் அதன் ஆயுள் ஐயத்துக்குரியது. ஊரார் முன் கையை மறைத்துக்கொள்ள விரும்பும் இளம்பெண்ணுக்கு முதலாவது தேவைப்படலாம். பெட்டி சுமப்பவருக்கு இரண்டாவது உதவலாம். எது நல்லது என்பதை அவரைக் கேட்காமல் சொல்ல இயலாது. மேலும், சுழலும் உருளைகளுக்கு அருகே கொக்கியும் கம்பியும் மீண்டும் சிக்கும் ஆபத்து உண்டு. ஆகவே பழைய இயந்திரத்துக்கே திரும்புவது எல்லா நேரத்திலும் சரியான முடிவாகாது.

பல வேளைகளில் உடலில் பொருத்தும் கருவியைவிட வேலையில் செய்யும் மாற்றமே பெரிதாக உதவுகிறது. பஞ்சாலையில் முறிந்த நூலைக் கையால் இணைக்க விரல் நுனிகள் வேண்டும். ஆட்டோகோனர் இயந்திரமோ முறிந்த நூலைத் தானே இணைத்துக்கொள்ளும். விரல்களை இழந்தவரை, காப்பும் பயிற்சியும் தந்து அப்பிரிவுக்கு மாற்ற முடியுமா என்பது எந்தச் செயற்கை விரலையும்விட முக்கியமான கேள்வி. பனியன் கம்பெனியில் வலது காலை இழந்த தையல்காரருக்கு மிதியை இடப்பக்கம் மாற்றினாலே போதுமானதாக இருக்கலாம். நின்றே செய்ய வேண்டிய செக்கிங் வேலைக்கு உயரமான நாற்காலியும், துணியை அசையாமல் பிடிக்கும் ஒரு கவ்வியும் போதும். அரிசி ஆலையில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டவருக்கு இடுப்புப் பட்டை மட்டும் வாங்கித் தந்து மீண்டும் மூட்டை தூக்கச் சொல்வது கொடுமை. தள்ளுவண்டியும் மூட்டையை ஏற்றும் இயந்திரமும் அங்கே வேண்டும்.

தவறாகத் தேர்ந்தெடுத்த கருவி தீங்கும் செய்யும். விசைத்தறியின் ஓயாத இரைச்சலால் ஏற்படும் காதுகேளாமை, இழப்பீட்டுக்குரிய தொழில்சார் நோய்களின் பட்டியலில் உண்டு. அவ்வாறு கேள்வித்திறன் குறைந்தவருக்கு முகாமில் கேட்புக் கருவி தரப்படுகிறது. அதை அணிந்துகொண்டு அதே தறிக்கூடத்துக்குள் நுழைந்தால், அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கித் தரும். வீட்டில் பேசுவதற்கு அக்கருவி உதவும். பணியிடத்தில் அவருக்கு வேண்டியவை இரைச்சல் குறைந்த பிரிவும், ஒலிக்குப் பதில் ஒளியால் எச்சரிக்கும் விளக்கும்தான்.

இந்த அறிவு வெளிநாட்டிலிருந்து நாம் கடன் வாங்க வேண்டியதன்று. மேற்கத்திய செயற்கைப் பாதம் காலணி அணிந்து நடப்போருக்காகச் செய்யப்பட்டது. வெறுங்காலோடு வயலில் நடப்பவர், தரையில் குந்தி அமர்பவர், சேற்றில் இறங்குபவர் அதை ஒதுக்கி வைத்தனர். 1968இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ரப்பர்ப் பாதம், பயனரின் வாழ்க்கையிலிருந்து தொடங்கியதால்தான் வென்றது. தமிழ்நாட்டிலும், 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தெடுத்தார். கோவையோ கையின் நுண் அறுவை சிகிச்சைக்கு நாடறிந்த நகரம். துண்டான கையை மீண்டும் இணைக்கும் திறன் இருக்கும் இதே மண்டலத்தில், இணைக்கப்பட்ட கையோடு அவர் எந்த வேலைக்குத் திரும்புவார் என்று கேட்கும் அமைப்பு இல்லை.

காலமும் இதில் முக்கியமானது. கையை இழந்தவருக்கு முதல் சில வாரங்களிலேயே செயற்கைக் கையைப் பழக்கினால் அவர் அதைத் தொடர்ந்து பயன்படுத்தும் வாய்ப்பு அதிகம் என்பது மறுவாழ்வு மருத்துவம் அறிந்த உண்மை. தாமதமானால் ஒற்றைக் கையாலேயே எல்லாவற்றையும் செய்யப் பழகிவிடுவார். வெட்டுப்பட்ட பகுதி முதல் ஆண்டில் சுருங்கிக்கொண்டே வருவதால் உறையைப் பலமுறை மாற்றியமைக்க வேண்டும். மாவட்டத் தலைநகரான திருப்பூர் தாராபுரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். கோவை அதைவிடத் தொலைவு. ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலியை விழுங்குகிறது, துணைக்கு வருபவரின் கூலியையும் சேர்த்து. இழப்பீட்டு வழக்கோ ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. பணம் வரும்போது கருவிக்குரிய காலம் கடந்திருக்கும். அப்பணமும் கந்துக்கடனை அடைக்கவே சரியாகப் போகும்.

"லேசான வேலை" என்னும் சாதி வேலை

காயமுற்றவரை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ளும் வேளைகளிலும் நம் கவனத்துக்கு வரும் நிகழ்வுகளில் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. இயந்திரத்தில் வேலை செய்த தலித் தொழிலாளிக்கு "லேசான வேலை" என்று தரப்படுவது பெரும்பாலும் கூட்டுவதும் கழிவறை கழுவுவதும்தான். கண்காணிப்பு, கணக்கெடுப்பு, கிடங்குப் பதிவு, தரச் சோதனை ஆகியவையும் ஒற்றைக் கையால் செய்யத்தக்கவையே. அந்த இடங்கள் யாருக்கு என்பதை ஊனம் தீர்மானிப்பதில்லை.

இம்மண்டலத்தில் வேலைக்கும் சாதிக்கும் உள்ள தொடர்பு நிறுவன மதில்களோடு நின்றுவிடுவதில்லை. 2018இல் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில், அரசுப் பள்ளிச் சத்துணவுக் கூடத்துக்குச் சமையலராக வந்த அருந்ததியர் பெண்ணை ஆதிக்கச் சாதியினர் எதிர்த்து நின்றதைத் தமிழகம் கண்டது. அரசு நியமன ஆணை கையில் இருந்தவருக்கே சமையற்கூடம் மறுக்கப்பட்டதென்றால், ஆலை உணவகத்தில் மாற்றுப்பணி கேட்கும் காயமுற்ற தலித் பெண்ணுக்கு என்ன பதில் கிடைக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. சாதி என்பது தொழிலாளர்களையே படிநிலையாக அடுக்கி வைப்பது என்று அம்பேத்கர் காட்டினார். காயம் அந்த அடுக்கில் ஒருவரை மேலும் கீழே தள்ளுகிறது. அங்கே ஒரு செயற்கைக் கையைப் பொருத்தி அதில் துடைப்பத்தைத் தருவதற்கு மறுவாழ்வு என்று பெயரிட முடியாது.

தூய்மைப் பணியில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. அங்கே கருவியே சாதித் தொழிலை நீடிக்கச் செய்யும் சட்டச் சாக்காக மாற்றப்பட்டிருக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கக் குறிப்பு ஒன்று, அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடைகளோடும் மலக்கழிவை அகற்றுபவர் "கையால் மலம் அள்ளுபவர்" ஆகமாட்டார் என்கிறது. கையுறை அணிவித்துவிட்டால் இழிதொழில் சட்டபூர்வத் தொழிலாகிவிடும்! எனவே தூய்மைப் பணியாளருக்கான கருவி பற்றிப் பேசும்போது நாம் இரண்டையும் ஒருங்கே கோர வேண்டியிருக்கிறது. பணியில் இருப்பவருக்குத் தள்ளுவண்டிக்குப் பதில் மின்கல வண்டியும், குனியாமல் கூட்ட நீண்ட கைப்பிடியும் உடனே வேண்டும். பணியில் காயமுற்றவருக்கோ அதே சாக்கடைக்குத் திரும்பும் கருவியைக் காட்டிலும், வேறு வேலைக்குச் செல்லும் வழி வேண்டும்.

2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாக்கடைப் பணியில் இறந்தோர் குடும்பத்துக்கு ரூ.30 லட்சமும், நிரந்தர ஊனமுற்று வருவாய்க்கு வழியற்றுப் போனோருக்கு ரூ.20 லட்சத்துக்குக் குறையாமலும், பிற ஊனங்களுக்கு ரூ.10 லட்சத்துக்குக் குறையாமலும் வழங்க உத்தரவிட்டது. முழுமையான மறுவாழ்வு என்பதையும் அது வலியுறுத்தியது. உயிரிழப்புகள் செய்தியாகின்றன. நச்சுவாயுவால் நுரையீரல் கெட்டும், வழுக்கி விழுந்து முதுகு முறிந்தும் உயிரோடிருப்பவர்கள் செய்தியாவதில்லை. இத்தீர்ப்பின்படி அவர்களைக் கண்டறிந்து விண்ணப்பிக்கச் செய்வது நம் இயக்கங்களின் கடமை.

சட்டத்தில் உள்ள பிடிகள்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு நிறுவனங்களுக்கு ஒரு தெளிவான கடமையை விதிக்கிறது. பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை நீக்கவோ தரமிறக்கவோ கூடாது. அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். அத்தகைய பணி இல்லையெனில் கூடுதல் பணியிடத்தை உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும் என்கிறது அதன் 20(4)ஆவது பிரிவு. 1995ஆம் ஆண்டின் முந்தைய சட்டத்திலும் இக்கடமை இருந்தது. காலை இழந்த காவலர் குணால் சிங்கின் வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் அதை நிலைநாட்டியது. உள்ளாட்சி அமைப்புகளும் இந்த வரையறைக்குள் அடங்கும். ஆனால் நகராட்சித் தெருவைக் கூட்டுபவர் ஒப்பந்ததாரரின் ஆள் என்று கணக்கில் காட்டப்படும்போது இப்பாதுகாப்பு அவரை எட்டாமல் போகிறது. நிரந்தரப் பணியிடங்களை ஒப்பந்தமாக மாற்றும் கொள்கை, ஊதியத்தோடு சேர்த்துக் காயத்துக்குப் பின்னான வாழ்வையும் பறிக்கிறது.

தனியார் ஆலைத் தொழிலாளிக்கு 20(4) பொருந்தாது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டமோ, தொடர்ந்த உடல்நலக் குறைவு காரணமாகப் பணியை முடித்தல் ஆட்குறைப்பு ஆகாது என்று முதலாளிகளுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது. எனினும் பயன்படுத்தத்தக்க ஒரு பிடி 2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதன் 21ஆவது பிரிவு ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது. 2017ஆம் ஆண்டு விதிகளின் 8ஆவது விதிப்படி, 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட தனியார் நிறுவனத்தின் கொள்கையில், மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்த பணிகளின் பட்டியல், உதவிக் கருவிகளுக்கான ஏற்பாடு, தொடர்பு அலுவலர் நியமனம் ஆகியவை இடம்பெற வேண்டும். அதன் படியை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். சட்டத்தை முதன்முறை மீறினால் ரூ.10,000 வரையும், மீண்டும் மீறினால் ரூ.50,000 முதல் ரூ.5 லட்சம் வரையும் அபராதம் உண்டு. தாராபுரம், காங்கேயம், பல்லடம் பகுதிகளின் ஆலைகளிடம் இக்கொள்கையின் படியை எழுத்துமூலம் கேட்பதிலிருந்து நாம் தொடங்கலாம்.

கருவியை யார் தேர்ந்தெடுப்பது என்பதற்கும் சட்டம் விடை தந்திருக்கிறது. நியாயமான தகவமைப்பை மறுப்பதே பாகுபாடு என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், தகவமைப்பு என்பது ஒவ்வொருவரின் தேவைக்கேற்ப அமைய வேண்டும், சம்பந்தப்பட்டவரோடு உரையாடியே அது முடிவாக வேண்டும் என்று விளக்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் பட்டான் ஜமால் வலி வழக்கில், பார்வையற்ற தலித் பெண்ணுக்கு நேர்ந்த வன்கொடுமையை ஆராய்கையில், சாதி, பாலினம், ஊனம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று அது கூறியது. இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால், காயமுற்ற தலித் தொழிலாளியிடம் கேளாமல் அவருக்கு "லேசான வேலை" ஒதுக்குவதை இரட்டைப் பாகுபாடு என்று வாதிடலாம். நீதிமன்றங்களில் முன்வைக்கப்பட வேண்டிய வாதம் இது.

2007 அக்டோபரில் இந்தியா ஏற்புறுதி அளித்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27ஆவது உறுப்பு, வேலையைத் தக்கவைத்தலையும் பணிக்குத் திரும்புதலையும் வெளிப்படையாகவே பேசுகிறது. அதைச் செய்துகாட்டிய நாடுகளும் உண்டு. நம் மக்கள் தோட்டங்களிலும் ஆலைகளிலும் உழைத்துவரும் மலேசியாவில், பெர்கேசோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் 2007இல் பணிக்குத் திரும்பும் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே காயமுற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. மருத்துவர், முதலாளி, தொழிலாளி ஆகிய மூவரையும் அவர் இணைக்கிறார். ஜெர்மனியில் ஓராண்டுக்குள் ஆறு வாரங்களுக்கு மேல் நோயுற்றிருந்த ஊழியரோடு அமர்ந்து, அவர் பணியில் நீடிக்கும் வழியை ஆராய்வது 2004 முதல் முதலாளியின் சட்டக் கடமை. நம்முடைய புதிய தொகுப்புகளோ தொழிற்சாலை என்பதன் எண்ணிக்கை வரம்பை, மின்சாரம் பயன்படுத்தும் இடங்களில் 10 பேரிலிருந்து 20 ஆகவும், பயன்படுத்தாத இடங்களில் 20 பேரிலிருந்து 40 ஆகவும் உயர்த்தியுள்ளன. சிறு தறிக்கூடங்கள் தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகளிலிருந்து நழுவுகின்றன. காயங்கள் நிகழும் இடங்கள் கண்காணிப்பிலிருந்து விலகும் காலம் இது.

நாம் கோருபவை

முதலாவதாக, பணியிடக் காயத்துக்கான இழப்பீட்டில் உதவிக் கருவியின் விலை, பராமரிப்பு, வாழ்நாள் மாற்றுச் செலவு ஆகியவை தனித் தலைப்பாகச் சேர்க்கப்பட வேண்டும். சாலை விபத்துக்கு ஏற்கப்பட்ட கொள்கை ஆலை விபத்துக்கும் பொருந்த வேண்டும். வழக்கு முடியும்வரை காத்திராமல், விபத்து அறிவிக்கப்பட்ட சில வாரங்களுக்குள் கருவிக்கான இடைக்காலத் தொகை கிடைக்க வேண்டும்.

இரண்டாவதாக, 20(4)ஆவது பிரிவின் பாதுகாப்பு தனியார் நிறுவனங்களுக்கும், அரசு நிறுவனங்களின் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் விரிவாக்கப்பட வேண்டும். இழப்பீட்டில் முதன்மை வேலையளிப்பவரின் பொறுப்பை 1923ஆம் ஆண்டுச் சட்டமே 12ஆவது பிரிவில் ஏற்றிருக்கிறது. மாற்றுப்பணியிலும் அப்பொறுப்பு தொடர்வதே நியாயம்.

மூன்றாவதாக, கருவியைப் பரிந்துரைக்கும் முன் தொழிலாளியோடு பணியிடத்தைப் பார்வையிடுவது கட்டாயமாக வேண்டும். ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் அதற்கென மறுவாழ்வு வல்லுநரும் பொறுப்பாளரும் அமர்த்தப்பட வேண்டும். பழுதுபார்க்கும் மையம் தாராபுரம் போன்ற வட்டத் தலைநகரங்களில் அமைய வேண்டும். பெண் தொழிலாளருக்கு அளவெடுக்கவும் பொருத்தவும் பெண் வல்லுநர்கள் வேண்டும்.

நான்காவதாக, தலித் தொழிலாளருக்கு மாற்றுப்பணி என்ற பெயரில் தூய்மைப் பணி திணிக்கப்படுவதை வெளிப்படையாகத் தடை செய்ய வேண்டும். யாருக்கு எந்த மாற்றுப்பணி தரப்பட்டது என்ற பதிவேடு தொழிலாளர் துறையின் ஆய்வுக்கு உட்பட வேண்டும்.

இவற்றுக்காகச் சட்டம் திருத்தப்படும்வரை நம் கையில் உள்ளவற்றைப் பயன்படுத்துவோம். காயமுற்ற தோழரிடம் தொகையைக் கேட்பதற்கு முன், அவர் என்ன வேலை செய்தார், இனி என்ன வேலை செய்ய விரும்புகிறார், அதற்கு என்ன தேவை என்று கேட்டு எழுதிக்கொள்வோம். அந்தப் பதிலை மனுவில் முதல் பத்தியாக வைப்போம். தாராபுரம் தனித் தொகுதி. இங்கே வாக்கு கேட்டு வரும் ஒவ்வொரு கட்சியிடமும் இக்கோரிக்கைகளை முன்வைக்கும் உரிமை, அந்த ஆலை வேன்களில் ஏறிச் செல்லும் மக்களுக்கு உண்டு.